அளந்தவர் யார்?

புதுவையிலிருந்து மூலக்குளம் வழியாக வில்லியனூர் லூர்து அன்னை திருத்தலத்திற்கு நடந்து செல்பவர் தொலைவைத் தம் கால்களாலேயே அறிகிறார். வரைபடமோ அதே வழியை ஒரு விரற்கடைக் கோடாக்கிவிடுகிறது. கோட்டைப் பொறித்தவர் வேறு; வழியை நடந்து அளந்தவர் வேறு. பெயரும் சிறப்பும் பெரும்பாலும் முன்னவரையே சேர்கின்றன.

ஜெர்மனியின் நியூரம்பர்க் நகரில் யோகான் பாப்டிஸ்ட் ஹோமான் செப்புத் தகடுகளில் நாடுகளையும் கடல்களையும் இடவலம் மாற்றிப் பொறித்தார். 1702-இல் பதிப்பகம் நிறுவிய அவரை, 1715-இல் பேரரசர் ஆறாம் சார்லஸ் தம் புவியியலாராக நியமித்தார். ஹோமான் மறைந்த பின் 1733-இல் அவருடைய வாரிசுகள் நம் சோழமண்டலக் கரையையும் படமாக வெளியிட்டனர். பாரீசின் தான்வில் என்பவரும் இந்தியாவைக் காணாமலேயே அதன் படத்தை வரைந்தவர்தாம். புதுவையில் பணியாற்றிய இயேசு சபைக் குரு புஷே போன்றோர் அனுப்பிய விவரங்களே அவருக்குக் கண்களாயின. இதில் குற்றமேதும் இல்லை. ஆயினும் என் மனம் நாடுவது நடந்தவர்களையே.

அவர்களுள் ஒருவர் அருட்தந்தை யோசேப்பு டீஃபன்தாலர். ஜெர்மன் மொழி வழங்கும் தீரோல் பகுதியில், போட்சன் நகரில் 1710-இல் பிறந்தவர். 1729-இல் இயேசு சபையில் சேர்ந்தவர். வட இந்தியாவில், நார்வாரில் நெடுங்காலம் மறைப்பணியாற்றினார். 1759-இல் போர்த்துக்கல் அரசு இயேசு சபையினரை வெளியேற்றியதும், அவருக்கு வந்துகொண்டிருந்த பொருளுதவி நின்றுபோயிற்று. 1765-இல் ஆங்கிலேயரிடம் உதவி கேட்க வங்காளம் சென்றார். இரந்து செல்லும் மனிதருக்கு ஆற்றின் வளைவுகளைக் கணக்கிடும் மனமும் இருந்தது! அயோத்தி நாட்டில் தங்கியிருந்த ஆண்டுகளில் கங்கையையும் காக்ரா ஆற்றையும் படமாக வரைந்தார். தாம் செல்ல இயலாத மேற்பகுதிகளுக்கு இந்தியத் துணைவர்களை அனுப்பினார். அப்படங்களில் அவர்களுடைய காலடிகளும் உண்டு.

ஆன்மாக்களைத் தேடி வந்த குருவானவர் ஆறுகளை அளந்துகொண்டிருக்கலாமா என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். அந்த ஆற்றுவழிகள் மறையுரையாளருக்கு மட்டுமன்றி, படை நடத்துவோருக்கும் பயன்படக்கூடியவை என்பதையும் மறுக்க முடியாது. ஆனால் இதனினும் கடினமான கேள்வி 1773-இல் எழுந்தது. அவ்வாண்டு திருத்தந்தை பதினான்காம் கிளமெந்து இயேசு சபையையே கலைத்தார். அனுப்பிய சபை இல்லை. கணக்குக் கேட்கும் தலைவர் இல்லை. அந்நிலையில் ஓர் ஊரின் அகலாங்கைச் சற்றே தவறாகக் குறித்தால்தான் என்ன?

கீழ்ப்படிதலுக்குக் கட்டளையிடுபவர் ஒருவர் வேண்டும். உண்மைக்கு நாம் பட்ட கடனோ, கேட்பார் இல்லாத இடத்திலும் கடனாகவே நிற்கிறது. டீஃபன்தாலர் இந்தியாவை விட்டுச் செல்லவில்லை. தம் குறிப்புகளையும் படங்களையும், 1755-இல் புதுவையில் வந்திறங்கி அப்போது பாரீசு திரும்பியிருந்த அறிஞர் ஆங்கெத்தில் துய்பெரோனுக்கும், லுத்தரன் நாடான டென்மார்க்கின் கோப்பன்ஹேகனில் இருந்த கிராட்சன்ஸ்டைனுக்கும் அனுப்பினார். தம் சபையைச் சாராதவர்களிடம் வாழ்நாள் உழைப்பை ஒப்படைக்க எவ்வளவு பற்றின்மை வேண்டும்!

1785-இல் யோகான் பெர்னூலி அவற்றை ஜெர்மன் மொழியில் பெர்லினில் நூலாக வெளியிடத் தொடங்கினார். அவ்வாண்டு ஜூலையில் டீஃபன்தாலர் இலக்னோவில் இறந்தார். ஆக்ரா மறைப்பணித் தளத்தின் கல்லறைத் தோட்டத்தில் அவரை அடக்கம் செய்தார்கள்.