விளைவு தீர்ப்பெழுதலாமா?

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையை நாம் எல்லாரும் அறிவோம். பழம் விழுந்ததற்குக் காக்கை காரணமன்று என்பதும் நமக்குத் தெரியும். ஆயினும் அன்றாட வாழ்வில் அந்தக் காக்கைக்கு மாலையிடுவதையும், சில வேளைகளில் அதைக் கல்லால் அடிப்பதையும் நாம் விடுவதில்லை. மகன் நல்ல நிலைக்கு வந்துவிட்டால், அன்று தந்தை எடுத்த முடிவு தீர்க்கதரிசனம். வராவிட்டால் அதே முடிவு மூடத்தனம். குடித்துவிட்டு இரவில் பூவிருந்தவல்லி நெடுஞ்சாலையில் வண்டியோட்டிப் பத்திரமாக வீடு சேர்ந்தவன், மறுநாள் அதை நண்பர்களிடம் வேடிக்கையாகச் சொல்கிறான். அதே சாலையில், அதே அளவு குடித்து, ஒருவர் மேல் மோதிவிட்டவன் சிறைக்குச் செல்கிறான். வண்டிச் சாவியைக் கையில் எடுத்த நேரத்தில் இருவரும் செய்தது ஒன்றே. சாலையில் ஒருவர் குறுக்கே வந்தாரா இல்லையா என்பது அவர்கள் கையில் இல்லை.

அப்படியானால் ஒரு செயலின் நன்மை தீமையை அதன் விளைவு தீர்மானிக்கிறதா? அல்லது, செய்தவர் அந்நேரத்தில் அறிந்தவையும் எண்ணியவையும் தீர்மானிக்கின்றனவா? இப்பழைய கேள்விக்குத் தெளிவான விடையொன்று சீட்டாட்ட மேசையிலிருந்து கிடைக்கிறது. குருவானவர் சீட்டாட்டத்தைப் பற்றி எழுதலாமா என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். ஆண்டவரே நேர்மையற்ற வீட்டுப் பொறுப்பாளனை எடுத்துக்காட்டாகக் கொண்டு சீடர்களுக்குப் பாடம் சொல்லியிருக்கிறார் (லூக் 16). எனவே சற்றுப் பொறுத்தருள வேண்டுகிறேன்.

மங்காத்தாவில் சீட்டு உள்ளே விழுமா, வெளியே விழுமா என்று காத்திருப்பதைத் தவிர ஆடுபவனுக்கு வேலையில்லை. போக்கர் அப்படிப்பட்டதன்று. நம் ஊர் மூன்று சீட்டுக்கு உறவான ஆட்டம் அது. இன்று பரவலாக ஆடப்படும் வகையில், ஒவ்வொருவருக்கும் மறைவாக இரண்டு சீட்டுகள் தரப்படும்; எல்லாருக்கும் பொதுவான ஐந்து சீட்டுகள் மேசையில் படிப்படியாகத் திறக்கப்படும். ஒவ்வொரு படியிலும் பந்தயத்தை உயர்த்துவதா, தொடர்வதா, சீட்டைக் கவிழ்த்துவிட்டு விலகுவதா என்று முடிவு செய்தாக வேண்டும். கையில் இரண்டு ஆஸ் வைத்திருப்பவன், இரண்டு ராஜா வைத்திருப்பவனுக்கு எதிராகப் பொதுச் சீட்டுகள் திறக்கப்படுமுன்பே தன் பணம் முழுவதையும் வைத்தால், 100க்கு ஏறத்தாழ 82 முறை வெல்வான். எஞ்சிய முறைகளில் தோற்பான். தோற்ற அன்று அவன் எடுத்த முடிவு தவறானதா? தேர்ந்த ஆட்டக்காரர் எவரும் ஆமென்று சொல்லமாட்டார். மறுபடியும் அதே சீட்டுகள் வந்தால் அதையே செய்வேன் என்பார். மாறாக, ஒன்றுக்கும் உதவாத சீட்டை வைத்துக்கொண்டு வீம்புக்காகப் பணத்தைக் கொட்டி, கடைசிச் சீட்டின் தயவால் வென்றவனை அவர்கள் மெச்சுவதில்லை. போக்கர் ஆடிப் பெயர் பெற்ற ஆனி டியூக் என்ற அமெரிக்கப் பெண்மணி, 2018இல் வெளியிட்ட நூலில் இதை மையமாக வைத்தே எழுதினார். முடிவின் தரத்தை விளைவைக் கொண்டு அளப்பதே மனித மனம் வழக்கமாகச் செய்யும் பிழை என்பது அவர் வாதம்.

இதை நம் இலக்கியத்திலேயே காணலாம். சிலப்பதிகாரத்துப் பாண்டியன், பொற்கொல்லன் சொல்லை நம்பி, விசாரணையின்றிக் கோவலனைக் கொல்ல ஆணையிட்டான். கண்ணகி சிலம்பை உடைத்தாள். முத்து இருக்க வேண்டிய இடத்தில் மாணிக்கம் தெறித்தது. அரசன் தன் பிழையை உணர்ந்து உயிர்விட்டான். ஒரு கணம் மாற்றி எண்ணிப் பாருங்கள். உள்ளேயிருந்து முத்தே சிதறியிருந்தால்? கோவலன் உண்மையிலேயே கள்வனாக இருந்திருந்தால்? அரசனின் முடிவு நீதியானதாகிவிடுமா? ஆகாது. ஒருவனை ஒரு சொல்கூடக் கேளாமல் கொல்லச் சொன்னது, சிலம்பு உடைவதற்கு முன்பே அநீதி. மாணிக்கம் அந்த அநீதியை வெளிப்படுத்தியது, அவ்வளவே. முத்துச் சிதறியிருந்தால் அது யார் கண்ணிலும் படாமல் போயிருக்கும். மதுரை மக்கள் அரசனின் விரைவான நீதியைப் பாராட்டியும் இருப்பார்கள். இப்படிப் பாராட்டப்பட்ட அநீதிகள் எத்தனை எத்தனையோ!

புனித தோமா அக்குவினார் தம் இறையியல் பெருநூலின் இரண்டாம் பகுதியில் இக்கேள்வியை நேராகவே எழுப்புகிறார். செயலுக்குப் பின் நிகழ்வது, தீய செயலை நல்லதாக்காது, நல்ல செயலைத் தீயதாக்காது என்பது அவர் நிலை. ஏழைக்குக் கொடுத்த பிச்சையை அவன் பாவத்திற்குப் பயன்படுத்தினாலும் கொடுத்தவரின் அறம் குறைவதில்லை. ஒருவர் தமக்கு இழைக்கப்பட்ட தீங்கைப் பொறுமையோடு தாங்கிப் புண்ணியம் பெற்றாலும், தீங்கு செய்தவன் தப்புவதில்லை. ஆனால் அக்குவினார் இங்கே ஒரு வாசலை அடைத்துவிடுகிறார். முன்கூட்டியே கண்ட விளைவுக்கும், அச்செயலின் இயல்பால் பெரும்பாலும் நேரக்கூடிய விளைவுக்கும் செய்தவர் பொறுப்பாளியே என்கிறார். 'நான் நினைக்கவில்லை' என்று சொல்வது போதாது. நினைத்திருக்க வேண்டியதா என்று கேட்கப்படும். ஆகவே விளைவைப் பார்க்காமல் முடிவைப் பார்ப்பது மனிதனுக்குச் சலுகை தருவதாகாது. உண்மையில் இதுவே கடினமான தேர்வு. வீட்டுக்குப் பத்திரமாக வந்து சேர்ந்த குடிகாரனும் இதில் தேறமாட்டான்.

இங்கேயே போக்கர் மேசையை விட்டு எழுந்துவிடுவது நல்லது. ஏனெனில் அந்த ஆட்டக்காரர் ஒவ்வொரு சீட்டிலும் தம் முடிவைத் துல்லியமாகச் சோதிக்கிறார். மேசையில் வந்து உட்கார்ந்த முதல் முடிவை மட்டும் சோதிப்பதில்லை. நம் சட்டமும் நெடுங்காலம் இதே வழியில் சென்றது. ரம்மி பெரும்பாலும் திறமையைச் சார்ந்தது என்று 1967இல் உச்ச நீதிமன்றம் கூறியது. தமிழக அரசு 2022இல் இயற்றிய இணையச் சூதாட்டத் தடைச் சட்டம் ரம்மிக்கும் போக்கருக்கும் பொருந்தாது என்று 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இரண்டும் திறமையாட்டங்கள் என்பதே காரணம். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், திறமையா வாய்ப்பா என்ற கேள்வியையே ஒதுக்கிவிட்டு, பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகள் அனைத்தையும் தடைசெய்தது.

திறமை இருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் 100க்கு 82 என்ற கணக்கு, ஆயிரக்கணக்கான ஆட்டங்களை ஆடித் தாங்கக்கூடியவனுக்கு உரியது. மகளின் கல்லூரிக் கட்டணத்தை வைத்து ஆடுபவனுக்கு இரண்டாவது ஆட்டமே இல்லை. சூதாட்டம் தன்னிலே நீதிக்கு மாறானதன்று. தனக்கும் பிறருக்கும் இன்றியமையாதவற்றைப் பறிக்கும்போது அது ஏற்கத்தகாததாகிறது என்று திருச்சபையின் மறைக்கல்வி நூல் (எண் 2413) கூறுவதன் பொருள் இதுவே. வள்ளுவர் இன்னும் ஒரு படி மேலே சென்று, சூதில் கிட்டும் வெற்றியையே மீன் விழுங்கும் தூண்டில் இரும்புக்கு ஒப்பிட்டார். தோல்வியைக் கண்டு எச்சரிப்பவர் பலர். வெற்றியைக் கண்டு அஞ்சச் சொன்னவர் அவர். 'தோத்துட்டேன் ஃபாதர்' என்று கண்ணீரோடு வருவோரைப் பங்குக்குருக்கள் அனைவரும் கண்டிருப்பர். வென்ற இரவுக்காக வருந்தி வந்தவர் உண்டா?

சீட்டை விடுவோம். மாங்காட்டில் வாழ்வோர்க்கு இக்கேள்வி கூப்பிடு தூரத்திலேயே இருக்கிறது. மேற்கே செம்பரம்பாக்கம் ஏரி. 24 அடி ஆழம், 3,645 மில்லியன் கன அடிக் கொள்ளளவு. 2015 டிசம்பர் 1ஆம் நாள் பெருமழையில், அன்றிரவு வினாடிக்கு 29,000 கன அடி நீர் ஏரியிலிருந்து வெளியேற்றப்பட்டது. அடையாற்றுக் கரையில் பலர் எல்லாவற்றையும் இழந்தனர். எதிர்பாராத மழை என்றது அன்றைய அரசு. நீரைத் திறந்துவிட்ட முறை தவறு என்றது 2018இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட தணிக்கை அறிக்கை. 2019 கோடையிலோ அதே ஏரி வறண்டு கிடந்தது. சென்னை மக்கள் குடங்களோடு தண்ணீர் லாரிக்குக் காத்து நின்றனர்.

மதகருகே நிற்கும் பொறியாளரின் நிலையை எண்ணிப் பாருங்கள். முன்னதாகத் திறந்து, மழை பெய்யாமல் போனால், குடிநீரைக் கடலில் கொட்டியவர் என்று ஏசப்படுவார். திறவாமல் வைத்து, மழை கொட்டிவிட்டால், கொலைகாரர் எனப்படுவார். மழையோ அவர் கையில் இல்லை. அவரைப் பற்றி நாம் கேட்கத்தக்கவை வேறு: வானிலை எச்சரிக்கையைப் படித்தாரா? ஏரியில் வரவையும் இருப்பையும் அளந்தாரா? ஆற்றோரத்துக் குடிசைகளை நினைத்தாரா? அம்மக்களுக்கு நேரத்தோடு சொல்லச் செய்தாரா? மேலிடத்து ஆணைக்குக் காத்திருப்பதே பாதுகாப்பு என்று கைகட்டி நின்றாரா? இக்கேள்விகளுக்கான விடை, வெள்ளம் வந்தாலும் வராவிட்டாலும் ஒன்றே. விளைவு அந்தக் கோப்பைத் திறக்க வைக்கலாம், திறக்கவும் வேண்டும். அதில் எழுதப்படும் தீர்ப்பு விளைவிலிருந்து வரலாகாது. எதிர்பாராத மழை என்ற ஒரே சொல்லால் கோப்பை மூடிவிடுவதும் சரியன்று.

சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப்பேர் இறந்தபோது, அவர்கள் மற்றவர்களைவிடப் பெரும் பாவிகள் அல்லர் என்று இயேசு மறுத்துரைத்தார் (லூக் 13:4). யோபின் நண்பர்கள் செய்த பிழையும் இதுவே: வீழ்ந்தவன் ஏதோ செய்திருப்பான் என்று அவர்கள் முடிவு கட்டினர். வெள்ளத்தில் வீடிழந்தவரிடம், ஆற்றோரத்தில் ஏன் குடியிருந்தாய் என்று எளிதாகக் கேட்கும் நாமும் அந்த நண்பர்களின் வரிசையில்தான் அமர்கிறோம். வேறிடத்தில் நிலம் வாங்க இயலாதவர்க்கு அது முடிவே அன்று.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். முடிவு குற்றமற்றது என்று தெளிந்த பின்னும் கடமை தீர்ந்துவிடுவதில்லை. கவனமாக வந்த வண்டியின் முன் குழந்தை ஓடிவந்து விழுந்து இறந்துவிட்டால், ஓட்டுநர் மேல் பிழையில்லை எனச் சட்டம் விடுவிக்கும். ஆயினும் அவர் அந்த வீட்டு வாசலுக்குச் செல்லாமல், 'என் முடிவு சரியானதே' என்று உறங்கப் போனால் நாம் அவரை மதிப்போமா? சீட்டு மேசையில் இதற்கு இடமேயில்லை. அங்கே தோற்றவன் முகத்தை எவரும் பார்க்கத் தேவையில்லை.

2020 நவம்பர் 25 அன்று நிவர் புயல் நெருங்கியபோது, செம்பரம்பாக்கத்தில் நீர்மட்டம் 22 அடியைத் தொட்டதும், ஏரி நிரம்பும் வரை காத்திராமல் மதகுகள் திறக்கப்பட்டன. முதலில் வினாடிக்கு 1,000 கன அடி, பிறகு படிப்படியாகக் கூடுதல். புயல் திசைமாறி மழை பொய்த்திருந்தாலும், அந்த நண்பகலில் மதகைத் திறந்த கைகள் செய்தது சரியே. அப்போது அவர்களுக்காகப் பேச நம்மில் எத்தனை பேர் முன்வந்திருப்போம் என்பது வேறு செய்தி.