அரைகுறைப் படைப்பும் நேர்மையும்

அவசரமாய்ச் செய்த ஒன்றைத் தன் திறமைக்குச் சான்றாக நீட்டுவது முறையாகுமா? சோழவந்தான் கொடிக்கால் வரப்பில் நடந்தபடி ஓர் இளைஞர் என்னிடம் இவ்வாறு வினவினார். 'கேம் ஜாம்' என்னும் கூடுகையில், தொடக்கத்தில் தரப்படும் கருப்பொருளுக்கேற்ப, இரண்டு மூன்று நாள்களில் கணினி விளையாட்டொன்றை ஆக்க வேண்டும். 2009இல் தோன்றிய 'குளோபல் கேம் ஜாம்' இவற்றுள் பெயர்பெற்றது. அவருடைய குழு ஆக்கிய விளையாட்டில் பிழைகள் மலிந்திருந்தன. வேலை கேட்கும் இடத்தில் அதைக் காட்ட நாணினார்.

நாணம் எதற்கு? பட்டம் ஒருவர் படித்ததைச் சொல்லும். இதுவோ எதை விடுவதென அறிந்து, பிறரோடு இணங்கி, ஒன்றை முடித்ததைச் சொல்லும். உலகப் புகழ்பெற்ற 'செலஸ்ட்' விளையாட்டின் முதல் வடிவத்தை 2015இல் இருவர் நான்கே நாள்களில் ஆக்கினர். விரித்தெழுதிய வடிவம் 2018இல்தான் விற்பனைக்கு வந்தது. பிழையைப் பிழையென்றே சொல்லிக் காட்டுவதில் வஞ்சம் ஏதுமில்லை. வஞ்சம் வேறிடத்தில் நுழையக்கூடும்.

"தம்பி, படங்களை வரைந்தது யார்?" என்றேன்.

அவர் உடனே விடை சொல்லவில்லை. அருகில் வெற்றிலைக் கொடி அகத்தியைப் பற்றி ஏறியிருந்தது. குழுவில் நால்வராம், விண்ணப்பத்தில் இருந்தது ஒரே பெயர்.

"இன்றிரவே திருத்திவிடுகிறேன், ஐயா" என்றார்.