ஆற்றலை அளத்தல்: ஓர் அறவியல் நோக்கு

கொழுந்து நிறுக்கும் தராசை அறியாதவர் வட்டவளையில் இலர். மாலையில் அத்தராசு காட்டும் எடையைக் கொண்டே ஒருத்திக்கு முழுப்பேரா அரைப்பேரா என்பது முடிவாகின்றது. தராசு பொய் சொல்வதில்லை. ஆயினும் ஒருத்தி கிழட்டுச் செடிகள் நின்ற செங்குத்து மலையிற் கொய்தாள் என்பதையும், மற்றொருத்தி இளஞ்செடிகள் நிறைந்த சமநிலத்திற் கொய்தாள் என்பதையும் அது சொல்வதில்லை. எடை கொழுந்தின் எடையே. கொய்தவளின் திறன் அதனுள் முழுமையாக அடங்கிவிடாது.

இவ்வுண்மையை விளையாட்டுக் களத்துக்குக் கொண்டு சென்று நோக்குவோம். ஒரு கூடைப்பந்தாட்ட அணியில் இருவரை ஒப்பிட்டு, ‘இவனே சிறந்தவன்’ என்கிறோம். இத்தீர்ப்பில் இரு வினாக்கள் கலந்து கிடக்கின்றன. இன்று யார் நன்றாக ஆடுகின்றனர் என்பது ஒன்று. நாளை யார் நன்றாக ஆடக்கூடும் என்பது மற்றொன்று. முன்னையது திறன் பற்றியது; பின்னையது உள்ளாற்றல் பற்றியது.

திறன்கூட ஒரே பொருளன்று. 1891 இல் ஜேம்ஸ் நெய்ஸ்மித் வகுத்த கூடைப்பந்தாட்டத்தில் எவரும் பந்தைக் கூடைக்குள் எறியலாம். அதன் வழிவந்த வலைப்பந்தாட்டத்திலோ எழுவருள் இருவர்க்கே அவ்வுரிமை உண்டு. யாழ்ப்பாணத்துத் தர்ஜினி சிவலிங்கம் ஏறத்தாழ ஆறடி பத்தங்குல உயரத்தவர். 2009 இலும் 2018 இலும் ஆசியக் கிண்ணத்தை வென்ற இலங்கை அணிகளின் தூணாய் நின்றவர். அவர் பெயரால் எழுதப்பட்ட ஒவ்வொரு புள்ளிக்கும் பின்னால், பந்தை அவர் கைக்கு உயர்த்திக் கொடுத்த நடுக்களத்தார் உளர். புள்ளிப் பட்டியலை மட்டும் நோக்குவோர்க்கு அவர்கள் புலப்படார். எனவே, ‘யார் சிறந்தவர்?’ என்று வினவுமுன் ‘எப்பணிக்கு?’ என்று வினவுதல் வேண்டும். வள்ளுவர் ‘தெரிந்துவினையாடல்’ எனத் தனியோர் அதிகாரம் வகுத்தமையும் ஈண்டு நினைவுகூரத்தக்கது.

உள்ளாற்றலை அளத்தல் இதனினும் அரிது. செயற்படும்போது மட்டுமே ஆற்றல் உண்டு என்று பழங்கிரேக்கத்து மெகாரா நெறியினர் வாதிட்டனர். அரிஸ்டோட்டில் இதனை மறுத்தார். அவ்வாறாயின், கட்டாது ஓய்ந்திருக்கும் கொத்தனார் கொத்தனாரல்லர் என்றாகும். கண்மூடியிருப்பவர் குருடர் என்றாகும் என்பது அவர் மறுப்பு. நம் நாட்டிலேயே இதற்குச் சான்றுண்டு. தேயிலைத் தோட்டத்தில் உழைக்க வந்த ஒருவரின் பேரனாகிய முத்தையா முரளிதரன் பள்ளிப் பருவத்தில் வேகப்பந்து வீசியவர். பதினான்காம் வயதளவில், பயிற்றுநர் ஒருவரின் அறிவுரையால் சுழற்பந்துக்கு மாறினார். 2010 இல் 800 விக்கெட்டுகளுடன் டெஸ்ட் களத்தை விட்டு நீங்கினார். வேகம் ஒன்றையே அளவுகோலாக்கி அவரைப் பிறரோடு ஒப்பிட்டிருந்தால், அவ்வாற்றல் இல்லாத ஒன்றாகவே எண்ணப்பட்டிருக்கும்.

இங்கு ஒரு தடை எழும். ‘காணாத ஆற்றலின் பேரால் எவரையும் அணியிற் சேர்க்கலாமே! வேண்டியவர்க்கு இடமளிக்க இது வழியாகாதா?’ இத்தடை வலுவுடையது. உள்ளாற்றல் என்னும் சொல் சலுகைக்குத் திரையாவதும் உண்டு. ஆயினும் அது சான்றே அற்ற பொருளன்று. ஒருவர் எங்கிருந்து தொடங்கி, எத்துணைக் காலத்தில், எவ்வளவு தூரம் வந்துள்ளார் என்பது காணக்கூடிய சான்றே.

இருவரை எண்ணிப் பார்ப்போம். ஒருத்தி கூரையிட்ட ஆடுகளத்தில் ஆறாண்டு பயின்ற நகரத்து மாணவி. மற்றொருத்தி வட்டவளை லயத்திலிருந்து வருபவள். ஆண்டுக்கு ஏறத்தாழ 5,000 மில்லிமீற்றர் மழை பொழியும் ஊர் அது. சமமான நிலத்தையும் தேயிலையே கொண்டுள்ளது. சேறு காயும் நாளே அவளுக்குப் பயிற்சி நாள். இருவரும் பத்து எறிதல்களில் முறையே எட்டும் ஆறும் இடுகின்றனர். நாளைய போட்டிக்கு முன்னவளைத் தெரிதல் நீதியே. ஆனால் அடுத்த ஆண்டுக்கான பயிற்சிக்கும் அந்த எட்டையும் ஆறையும் மட்டுமே காட்டிப் பின்னவளை விலக்குதல், மலையை மறந்து எடையை மட்டும் படிப்பதாகும்.

இவ்வினா நமக்குப் புறம்பானதன்று. 1971 இன் தரப்படுத்தலால் காயப்பட்டவர்கள் ‘புள்ளியே தகுதி’ என்றனர். அவர்கள் குரலில் நியாயம் இருந்தது. மொழிவாரியாக அளவுகோலை வேறாக்குதல் எவரது உள்ளாற்றலையும் கண்டறியும் வழியன்று. 1974 முதல் வந்த மாவட்ட ஒதுக்கீட்டால் நுவரெலியாவிலிருந்து பல்கலைக்கழகம் புகுந்தோர்க்கோ, புள்ளி தகுதியின் ஒரு பகுதியே என்பது தெரியும். ஆனால் மாவட்டமும் பருமட்டான அளவுகோலே. ஹற்றன் நகரத்து வணிகர் மகனும் லயத்துப் பிள்ளையும் அதில் ஒரே நிறையாகவே நிற்கின்றனர்.

ஒப்பிடாது வாழ்தல் இயலாது. அணியில் இடங்கள் எண்ணப்பட்டவை. ஆயின் ஒப்பிடுவோர்க்கு ஒரு கடன் உண்டு. திறனை ஒப்பிடுவோர் பணியை முன்வைத்து ஒப்பிடுக. உள்ளாற்றலை ஒப்பிடுவோர் முதலில் ஆடுகளத்தை அமைத்துக் கொடுத்து, அதன்பின் ஒப்பிடுக. களமே காணாத பிள்ளையை ஆற்றலற்றவள் என்பது தீர்ப்பன்று; நம் கடனை அவள் கணக்கில் எழுதுதலேயாம்.