யோசனை கேட்டவளுக்கு என்ன சொல்வது?

சகோதரர்களே, நம்மில் அநேகர் கடைக்காரர்கள். கல்லாவில் உட்கார்ந்திருப்பவனிடம் ஜனங்கள் சரக்கு மட்டுமா கேட்கிறார்கள்? பழைய வண்டியை விற்கலாமா, பையனை ஹாஸ்டலில் விடலாமா என்று யோசனையும் கேட்கிறார்கள். யோசனைக்கு முதல் போட வேண்டியதில்லை என்பதால் நாமும் தாராளமாக அள்ளிக் கொடுத்துவிடுகிறோம். அப்படி நான் அவசரப்பட்டுக் கொடுத்த ஒரு யோசனையைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

எங்கள் பண்டார் தெங்காரா, செம்பனைத் தோட்டங்களின் நடுவே 1970களில் எழும்பிய ஊர். சின்ன ஊர் ஆகையால் யார் வீட்டுப் பிள்ளை எதில் கெட்டி என்பது எல்லாருக்கும் தெரியும். என் தங்கை மகளுக்கு வயது 15. பள்ளிக்கூடத்து சாஃப்ட்பால் குழுவில் பந்து வீசுகிறவள் அவள்தான். போன மாதம் ஒரு நாள் அஸர் தொழுகைக்குப் பிறகு, கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து வந்து, "மாமா, நான் பந்து வீசுறதை விட்டுடட்டுமா?" என்று கேட்டாள்.

"சேச்சே, விடாதே!" என்றேன். ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. அவள் "சரி மாமா" என்று சொல்லிவிட்டு, தாயார் வாங்கி வரச் சொன்ன சீனியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அன்று இரவு பற்று வரவு எழுதும்போது அந்த "சரி மாமா" காதிலேயே நின்றது. ஏன் அப்படிச் சொன்னேன்? கல்லாவுக்கு மேலே, அவள் பதக்கத்தோடு நிற்கும் படம் ஒன்றை ஒட்டி வைத்திருக்கிறேன். வருகிறவர்கள் "இது யார் பாய்?" என்பார்கள். "என் மருமகள்தான்" என்று சொல்வதில் எனக்கு ஒரு பெருமை. அவள் விட்டுவிட்டால் அந்தப் பெருமை போய்விடும். கிடங்கில் அரிசி மூட்டை தேங்கிக் கிடக்கும்போது, "இந்த அரிசி எப்படி?" என்று கேட்கிறவருக்கு நாம் என்ன பதில் சொல்வோமோ அதே பதிலைத்தான் அந்தப் பிள்ளைக்குச் சொல்லியிருக்கிறேன். யோசனை கேட்பவர் தம் காரியத்தை நம் கையில் அமானத்தாக வைக்கிறார். அதில் நமக்கும் ஒரு லாபம் இருக்குமானால், முதலில் அதைச் சொல்லிவிட வேண்டாமா?

மறுநாள் தங்கை வீட்டுக்குப் போனேன். "நேற்று மாமா சொன்னது உனக்காகச் சொன்னது இல்லை, எனக்காகச் சொன்னது. இப்போது நீ சொல், நான் கேட்கிறேன்" என்றேன்.

இந்த ஆட்டம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. களத்தில் ஒரு பக்கத்துக்கு ஒன்பது பேர். மற்றவர்களிடம் பந்து எப்போதாவது வரும். பிட்ச்சர் எனப்படும் பந்து வீசுபவளோ ஒவ்வொரு பந்தையும் வீச வேண்டும். பெரியவர்களின் பெண்கள் ஆட்டத்தில் அடிப்பவளுக்கும் அவளுக்கும் இடையே 43 அடிதான். கையைச் சக்கரம்போல் ஒரு சுற்றுச் சுற்றி, இடுப்புக்குக் கீழிருந்து வீசுவார்கள். நன்றாக வீசினால் ஊர் கைதட்டும். தவறினால் எல்லார் கண்ணும் அவள்மேல். நம் கல்லாவில் இருப்பவன் நிலைதான். மூட்டை தூக்குகிறவன் தவறு அவனோடு போகும், கல்லாக்காரன் தவறு கடையையே பிடிக்கும்.

பிள்ளை சொன்னதில் மூன்று விஷயங்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. தோள் வலிக்கிறது; இரண்டு மாதமாக யாரிடமும் சொல்லவில்லை. போன போட்டியில் தோற்றதிலிருந்து வட்டத்துக்குள் நின்றாலே வயிற்றைப் பிசைகிறது. மூன்றாவதாக, "நான் விட்டா டீமுக்கு வீச ஆளே இல்லை மாமா."

வலியைப் பற்றி யோசனை சொல்ல எனக்கு அருகதை இல்லை. அது டாக்டர் வேலை. கீழிருந்து வீசும் பந்து தோளைக் கெடுக்காது என்று நம் ஊரில் ஒரு பேச்சு உண்டு. அது சரியல்ல. அந்த வீச்சிலும் தோளில் பெரும் பாரம் விழுகிறது என்று அளந்து பார்த்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அமெரிக்காவின் லிட்டில் லீக் பேஸ்பாலில், சிறுவன் ஒருவன் ஒரு நாளில் இத்தனை பந்துக்கு மேல் வீசக் கூடாது என்று 2007இல் வரம்பே கட்டிவிட்டார்கள். நம் பிள்ளையின் பந்துகளை எண்ணியவர் யாரும் இல்லை. ஆசிரியை நல்லவர்தான், அவரிடம் வேறு ஆள் இல்லை.

மூன்றாவது விஷயம்தான் என்னை வெகு நேரம் யோசிக்க வைத்தது. ஒரு காரியத்தில் நமக்குக் கை இருக்கிறது, பிறர் நம்மை நம்பி நிற்கிறார்கள் என்பதனாலேயே நாம் அதை விட முடியாதவர்களாகிவிடுகிறோமா? என் மச்சான், அதாவது அவள் தகப்பனார், குறுக்கிட்டு, "ஜப்பான் காரி உயெனோவைப் பாருங்க, அவள் விட்டாளா?" என்றார்.

யுகிக்கோ உயெனோவின் கதை மெய்யாகவே பெரிய கதை. 2008 ஆகஸ்ட் 20 அன்று பெய்ஜிங் ஒலிம்பிக்கில் ஒரே நாளில் இரண்டு ஆட்டம். இரண்டுமே கூடுதல் இன்னிங்ஸுக்குப் போயின. இரண்டிலும் அவரே 318 பந்து வீசினார். மறுநாள் இறுதி ஆட்டத்திலும் அவரே வீசி, அமெரிக்காவை 3–1 என்று வென்றார்கள். இரண்டு நாளில் மொத்தம் 413 பந்து. ஜப்பானில் அந்த எண்ணைச் சொன்னாலே போதும். அதன்பின் 2012, 2016 ஒலிம்பிக்குகளில் சாஃப்ட்பாலே இல்லை. டோக்கியோவில் அது திரும்பி வந்தபோது, 2021 ஜூலை 27 அன்று, 39 வயதில் மறுபடியும் இறுதி ஆட்டத்தில் நின்று, மறுபடியும் அமெரிக்காவை 2–0 என்று வென்றார்.

மச்சானுக்கு இந்தக் கதையில் தெரிந்தது 413. நான் அவருக்கு இரண்டு விஷயங்களை எடுத்துச் சொன்னேன். பெய்ஜிங்கில் உயெனோவுக்கு வயது 26. தன் தோளைப் பற்றித் தானே தீர்மானம் செய்யத் தக்க வயது. நம் பிள்ளைக்கு 15. இன்னொன்று, டோக்கியோ இறுதி ஆட்டத்தை அவர் தனியாக வீசவில்லை. ஆறாவது இன்னிங்ஸில் மியு கோத்தோ என்ற 20 வயதுப் பெண் பந்தை வாங்கிக்கொண்டார். கடைசி இன்னிங்ஸுக்கு உயெனோ திரும்ப வந்தார். அத்தனை பெயர் பெற்றவரே பந்தை இன்னொருத்தி கையில் கொடுத்துவிட்டு வெளியே உட்கார்ந்திருக்கிறார். மச்சான் பதில் பேசவில்லை. சம்மதித்தார் என்றும் சொல்ல மாட்டேன்.

குழுவுக்கு அவள்மேல் உரிமை உண்டா என்றால், உண்டு என்பதே என் அபிப்பிராயம். ஆனால் அதற்கு அளவு உண்டு. கூட்டு வியாபாரத்திலிருந்து ஒருவர் விலகலாம். பெருநாளுக்கு முந்தின இரவு சாவியை எறிந்துவிட்டுப் போகக் கூடாது. முன்கூட்டிச் சொல்ல வேண்டும், கணக்கை ஒப்படைக்க வேண்டும், கூடுமானால் அடுத்த ஆளுக்குத் தொழிலைக் காட்டிக் கொடுக்க வேண்டும். அதற்கு மேல் அவள் தோள் குழுவுக்குப் பாக்கிப்பட்டதல்ல. தகப்பனார் கையுறைக்கும் காலணிக்கும் செலவழித்த பணமும் அப்படித்தான். பிள்ளைக்குச் செய்ததைப் பற்று நோட்டில் எழுதி வைத்து வசூல் கேட்கிறவர் உண்டா?

இதில் எனக்கும் ஒரு பழைய நினைவு உண்டு, மறைப்பானேன். மத்ரஸாவும் ஆரம்பப் பள்ளியும் முடிந்த கையோடு என்னைக் கடையில் உட்கார வைத்தார்கள். தொழிலில் எனக்குக் குறையில்லை, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் "உனக்குச் சம்மதமா?" என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பேன். கேட்டிருக்கலாம்.

டாக்டர் ஆறு வாரம் பந்தைத் தொடக் கூடாது என்றார். தங்கை ஆசிரியையிடம் போய்ச் சொன்னாள். பிள்ளை தானாகவே இரண்டாம் படிவத்து மாணவி ஒருத்திக்கு, வெறும் வாயாலேயே வீச்சைச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருக்கிறாள். தோற்ற நாளின் பயம் போயிற்றா என்று கேட்டேன். "பாதி" என்றாள். ஆறு வாரம் கழித்து மறுபடி வீசுவாளா, முதல் பேஸில் நிற்பாளா, அடியோடு விடுவாளா என்பதை நான் கேட்கவில்லை. மச்சானையும் கேட்க வேண்டாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

போன வெள்ளிக்கிழமை கடைக்கு வந்தவள் கல்லாவை அண்ணாந்து பார்த்து, "அந்தப் படத்தைக் கொஞ்ச நாளைக்கு எடுத்து வைங்க மாமா" என்றாள். எடுத்து மேஜைக்குள் வைத்திருக்கிறேன்.