த்ராட்டிலும் சார்ந்ததன் வண்ணமும்

பெட்ரோல் எஞ்சினுக்குள் எவ்வளவு காற்று போகலாம் என்பதைத் தீர்மானிக்கும் கதவுதான் த்ராட்டில். ஓர் அலுமினியக் குழல், அதன் நடுவே அச்சில் திரும்பும் வட்டத் தகடு; உருவம் அவ்வளவே. பழைய மாருதி ஆம்னியில் ஆக்சிலேட்டர் மிதிக்கும் இந்தத் தகட்டுக்கும் நடுவே ஒரு கேபிள் மட்டுமே இருந்தது. கால் அழுத்தியது, கம்பி இழுபட்டது, தகடு திறந்தது. எலக்ட்ரானிக் த்ராட்டில் பாடியில் அந்தக் கேபிள் கிடையாது. மிதியில் உள்ள சென்சார் காலின் அழுத்தத்தை வோல்டேஜாக, எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூவுக்குச் சொல்கிறது. ஈசியூ கணக்குப் போட்டு ஒரு சிறு மோட்டாரை இயக்க, அது பல்சக்கரங்கள் வழியே தகட்டைத் திருப்புகிறது. 1980களின் பிற்பகுதியில் பிஎம்டபிள்யூ 7 சீரிஸ் கார்களில் தொடங்கிய இந்த ஏற்பாடு இன்று சாதாரணக் குடும்பக் கார் வரை வந்துவிட்டது.

ஒரு காரிலிருந்து கழற்றிய த்ராட்டில் பாடியை வேறு எஞ்சினில் பொருத்துவது பார்வைக்கு வெறும் மெக்கானிக் வேலை. ஆனால் இந்தியத் தத்துவ மரபுகள் நூற்றாண்டுக் கணக்கில் வழக்காடிய கேள்வி ஒன்று அதற்குள் இருக்கிறது. ஓர் உறுப்பின் இயல்பு அதற்கே உரியதா, அது சேர்ந்த இடத்திலிருந்து வருவதா? நத்தம் போன்ற ஊரில் இது ஏட்டுக் கேள்வியாக நின்றுவிடுவதில்லை. திண்டுக்கல், மதுரை, கொட்டாம்பட்டி சாலைகள் கூடும் இடம் அது. சீசனில் மாங்காய், மற்ற நாளில் ரெடிமேட் சட்டை மூட்டை என்று வண்டிகளுக்கு ஓய்வில்லை. வண்டி நின்றால் பிழைப்பு நிற்கும். புதுச் சாமானின் விலை கட்டுப்படியாகாதபோது, சென்னைப் புதுப்பேட்டை போன்ற பழைய சாமான் சந்தையில் கிடைப்பதை வாங்கி மாட்டிப் பார்க்கும் எண்ணம் வருவது இயல்பே.

இந்த வேலையில் உலோகம் சம்பந்தப்பட்ட பகுதி சீக்கிரம் முடிந்துவிடும். போல்ட் துளைகள் பொருந்தாவிட்டால் லேத் பட்டறையில் ஓர் அடாப்டர் பிளேட் கடைந்து, இரு பக்கமும் பேக்கிங் வைத்து, காற்று கசியாமல் முறுக்கிவிடலாம். சிக்கல் அதற்குப் பிறகுதான். 50 மி.மீ. வாய் இருந்த இடத்தில் 60 மி.மீ. வாய் வந்தால் விட்டம் ஐந்தில் ஒரு பங்குதான் கூடியிருக்கும். காற்று போகும் பரப்போ 44 சதவீதம் கூடிவிடும். தகடு அதே கோணத்தில் திறந்தாலும் எஞ்சினுக்குப் போகும் காற்று வேறு. பழைய வாய்க்கென்று ஈசியூவில் எழுதிய அட்டவணை அப்படியே பொய்யாகிப் போகிறது.

அடுத்தது வயர்களை இணைக்கும் கப்ளர். பெரும்பாலும் 6 பின்கள் இருக்கும்: மோட்டாருக்கு 2, சென்சாருக்கு 5 வோல்ட் சப்ளை ஒன்று, எர்த் ஒன்று, தகடு எங்கே நிற்கிறது என்று சொல்லும் சிக்னல்கள் 2. ஒரே செய்தியைச் சொல்ல இரண்டு சிக்னல் எதற்கு? ஒன்று பொய் சொன்னால் மற்றது காட்டிக்கொடுப்பதற்கு. சில கம்பெனிகளின் வடிவமைப்பில் தகடு திறக்கத் திறக்க ஒரு வோல்டேஜ் ஏறும், மற்றது இறங்கும். வேறு சிலவற்றில் இரண்டுமே ஏறும், வெவ்வேறு வேகத்தில். ஏறி இறங்கும் சோடியை, இரண்டும் ஏற வேண்டும் என்று எதிர்பார்க்கும் ஈசியூவோடு இணைத்தால் இரண்டு சாட்சிகளும் முரண்படுவதாகவே அது எடுத்துக்கொள்ளும். செக் எஞ்சின் லைட் எரியும், ஸ்கேனரில் பி2135 என்ற கோடு வரும், ஆக்சிலேட்டரை எவ்வளவு மிதித்தாலும் வண்டி ஊர்ந்துதான் போகும். த்ராட்டில் பாடியில் எந்தப் பழுதும் இல்லை. பழைய காரில் மெய்யாக இருந்த அதே வோல்டேஜ் புதிய காரில் பொய்யாகிவிட்டது, அவ்வளவுதான்.

பௌத்தர் இந்த இடத்தில் தலையாட்டுவார். மிலிந்த மன்னனுக்கு நாகசேனர் தேரை வைத்துப் பாடம் சொன்ன கதை புகழ்பெற்றது: அச்சு தேரல்ல, சக்கரம் தேரல்ல, எல்லாம் கூடியபோது தேர் என்று ஒரு வழக்கு, அதற்கு மேல் தனியாக ஒரு தேர் இல்லை. மணிமேகலையின் இறுதிக் காதை விரிக்கும் பன்னிரு சார்புகளும் ஒன்றைச் சார்ந்தே மற்றொன்று தோன்றும் என்ற இதே நெறியில் நிற்பவை. இந்த நோக்கில் ‘த்ராட்டில்’ என்பது உறவின் பெயர். ஈசியூ, மிதி, எஞ்சின் மூன்றையும் விட்டுப் பிரிந்து பெஞ்சின் மேல் கிடக்கும்போது அது த்ராட்டில் அல்ல. மோட்டார் ஒட்டிய ஓர் அலுமினியத் துண்டு.

வைசேடிகர் இதற்கு நேர் எதிர். உறுப்புகள் வேறு, உறுப்புகளில் நிறைந்து நிற்கும் முழுப்பொருள் வேறு, இரண்டும் மெய் என்பது அவர்கள் கொள்கை. அவற்றைப் பிரிக்க முடியாமல் பிணைப்பது சமவாயம். அந்த நிலைப்பாட்டுக்கு அவர்கள் கொடுத்த விலை பெரிது. துணியில் ஓர் இழை உருவப்பட்டால் பழைய துணி அழிந்து புதுத் துணி தோன்றிவிட்டது என்றே அவர்கள் சொல்ல வேண்டியிருந்தது. அந்தக் கணக்கில் த்ராட்டில் பாடி மாறிய கார் பழைய கார் அல்ல. போல்ட் மாறினாலும் அல்ல. வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் இந்தத் தர்க்கத்தைப் பின்பற்றினால் ஒவ்வொரு சர்வீசுக்கும் ஓர் ஆர்.சி. அடிக்க வேண்டிவரும். சட்டம் சேசிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் பிடித்துக்கொண்டு நிற்கிறது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. எது மாறினால் வண்டி வேறாகும் என்பதற்குச் சட்டம் கொடுத்திருக்கும் விடை தத்துவ விடை அல்ல, நிர்வாக விடை. ஆனாலும் அது இல்லாமல் ஒரு வண்டியும் சாலைக்கு வர முடியாது.

முழுப்பொருள் எதனால் அதுவாகிறது என்ற குழப்பத்துக்குத் தமிழ்நாட்டிலேயே பெரிய உதாரணம் உண்டு. சென்னையின் ஸ்டாண்டர்டு நிறுவனம் 1985இல் விற்பனைக்குக் கொண்டுவந்த ஸ்டாண்டர்டு 2000, வெளித்தோற்றத்தில் இங்கிலாந்தின் ரோவர் எஸ்டி1. உள்ளே இருந்ததோ பழைய வேன்கார்டு காரின் வழிவந்த 2 லிட்டர் எஞ்சின். வாங்கியவர்கள் ரோவரை எதிர்பார்த்தார்கள், வேன்கார்டை ஓட்டினார்கள். சில ஆண்டுகளிலேயே உற்பத்தி நின்றது. உருவத்தை வைத்து இயல்பை முடிவுசெய்யக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

சைவ சித்தாந்தம் பௌத்தர், வைசேடிகர் என்ற இரு முனைகளுக்கும் நடுவே செல்கிறது. 13ஆம் நூற்றாண்டில் திருவெண்ணெய்நல்லூர் மெய்கண்டார் அருளிய சிவஞானபோதம் 12 சூத்திரங்கள் கொண்ட சிறு நூல். அதன் மூன்றாம் சூத்திரம் உடம்பை மாயையிலிருந்து வந்த இயந்திரம் என்றே குறித்து, அதனுள் உயிர் உண்டு என்று நிறுவுகிறது. நான்காம் சூத்திரம் மனம் முதலிய உட்கருவிகளோடு உயிர் நிற்கும் நிலையை அமைச்சரோடு கூடிய அரசனின் நிலையாகக் காட்டுகிறது. கேபிள் இருந்த காலத்தில் காலுக்கும் தகட்டுக்கும் நடுவே அமைச்சர் யாரும் இல்லை. இப்போது கால் கேட்பது ஒரு விண்ணப்பம் மட்டுமே. ஏ.சி. ஓடுகிறதா, சக்கரம் வழுக்குகிறதா, எஞ்சின் சூடேறிவிட்டதா என்பதையெல்லாம் பார்த்துத்தான் ஈசியூ அனுமதி கொடுக்கும்.

உயிர் எதைச் சார்கிறதோ அதன் வண்ணமாகும் என்பது சித்தாந்தத்தின் மையக் கருத்து. பளிங்கு அருகில் வைத்த பூவின் நிறத்தைக் காட்டும். ஆனால் பளிங்கு பூவாகிவிடாது. த்ராட்டில் பாடிக்கு இது வியப்பூட்டும் அளவுக்குப் பொருந்துகிறது. இணைப்பு எதையும் கொடுக்காமல் அதைக் கையிலெடுத்து வெளிச்சத்தில் பிடித்தால், தகட்டின் விளிம்பில் மெல்லிய இடைவெளி தெரியும். உள்ளே உள்ள ஸ்பிரிங்குகள் தகட்டை முழுக்க மூடவிடாமல் சில டிகிரி திறந்தே வைத்திருக்கின்றன. மின்சாரம் போனாலும் எஞ்சினுக்குக் கொஞ்சம் காற்று கிடைத்து, வண்டி ஓரம்கட்டும் அளவுக்காவது ஓட வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு இது. எந்த எஞ்சினில் மாட்டினாலும் கரண்ட் நின்ற கணம் தகடு அந்த இடத்துக்கே திரும்பும். உறவைத் தவிர வேறு எதுவும் இல்லை என்ற பௌத்த விடை இந்த ஸ்பிரிங்கின் முன் முழுமை பெறவில்லை. தனக்கென்று ஒரு நிலை அதற்கு இருக்கவே இருக்கிறது. அதே சமயம், வைசேடிகர் சொல்லும் அளவுக்கு அந்தத் தனித்தன்மை கெட்டியானதும் அல்ல. நத்தம் வட்டார மாந்தோப்புகளில் செந்தூர ஒட்டுக்குச்சியை எந்த வேர்ச்செடியில் கட்டினாலும் செந்தூரமே காய்க்கும். வேர் வீரியத்தைக் கொடுக்கும், ரகத்தை மாற்றாது. த்ராட்டில் அப்படிப் பிடிவாதம் பிடிப்பதில்லை. ஸ்பிரிங் நிலை ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் சேர்ந்த இடத்தின் சொற்படிதான்.

அந்தச் சேர்ந்த இடத்துக்கும் ஒரு பழைய வாழ்க்கை உண்டு. ஓட ஓடத் தகட்டின் விளிம்பில் கார்பன் படியும், காற்று குறையும். ஈசியூ அதைக் கண்டுகொண்டு, ஐடிலிங்கில் தகட்டைக் கொஞ்சம் கூடுதலாகத் திறக்கப் பழகிக்கொள்ளும். ஒருநாள் த்ராட்டிலைச் சுத்தம் செய்தாலோ வேறு மாட்டினாலோ அழுக்கு போய்விடும். அழுக்குக்காகப் பழகிய பழக்கம் போகாது. வண்டியை ஸ்டார்ட் செய்தால் ஐடிலிங்கிலேயே ரேஸ் ஏறி நிற்கும். அப்போதுதான் ‘லேர்னிங்’ கொடுக்க வேண்டும் என்பார் மெக்கானிக். முறை கம்பெனிக்குக் கம்பெனி வேறு. பலவற்றில் சாவியை ஆன் செய்து, எஞ்சினைக் கிளப்பாமல், ஆக்சிலேட்டரில் கால் படாமல் காத்திருக்க வேண்டும். தகடு தானே ஒருமுறை மூடித் திறக்கும் சத்தம் கேட்கும். மூடிய நிலை இது என்று ஈசியூ புதிதாகக் குறித்துக்கொள்கிறது. சிலவற்றில் ஸ்கேனர் போட்டுத்தான் பழைய மதிப்புகளை அழிக்க முடியும்.

சித்தாந்தம் வினையைப் பற்றிச் சொல்வதும் ஏறத்தாழ இதுவே. கண் செய்த வினை கண்ணிலும் கை செய்த வினை கையிலும் தங்குவதில்லை, உயிரையே தொடர்கிறது. உடம்பு மாறினாலும் விடுவதில்லை. சந்தையிலிருந்து வந்த த்ராட்டில் பாடி முன்பு ஓடிய காரைப் பற்றிப் பொதுவாக எதையும் நினைவில் வைத்திருப்பதில்லை. நினைவு இருப்பது ஈசியூவில்தான். உறுப்பை மாற்றியதும் எல்லாம் புதிதாகத் தொடங்கிவிடும் என்று நினைப்பவர்கள், பட்டறையிலும் சரி வெளியிலும் சரி, தவறான இடத்தில் கைவைக்கிறார்கள்.

ஒப்புமை இதற்கு மேல் நீளாது. சித்தாந்தத்தின் உயிர் அறிவுடையது; தான் எதைச் சார்ந்திருக்கிறோம் என்று உணர்த்தினால் உணரக்கூடியது. த்ராட்டிலும் ஈசியூவும் சடம். ‘பழகுகிறது’, ‘கற்கிறது’ என்பதெல்லாம் வழக்குச் சொற்கள். அங்கே அறிபவர் யாரும் இல்லை. சடம் தானே ஒன்றைச் சென்று சேராது என்பதால்தான் சித்தாந்தம் காரணத்தை மூன்றாகப் பிரித்தது. குடத்துக்கு மண் முதற்காரணம், சக்கரம் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம். இங்கே உதிரிபாகம் முதற்காரணம், லேத்தும் ஸ்கேனரும் துணைக்காரணம், மெக்கானிக் நிமித்த காரணம்.

இந்தப் பிரிவினை வெறும் வகைப்பாடு அல்ல என்பது குறுக்குவழி ஒன்றில் தெரியும். இரண்டு சிக்னலும் ஒத்துவராமல் லைட் எரியும்போது, ஒரே சென்சாரின் வயரிலிருந்து சில ரெசிஸ்டர் வைத்து, ஈசியூ எதிர்பார்க்கும் இரண்டாவது வோல்டேஜையும் உண்டாக்கிக் கொடுத்துவிட முடியும். லைட் அணைந்துவிடும். வண்டியும் ஓடும். ஆனால் இரண்டு சாட்சிகள் இருக்க வேண்டிய இடத்தில் ஒரே சாட்சி இரண்டு குரலில் பேசுகிறது. அந்த ஒரு சென்சார் தவறினால் தகடு எங்கே நிற்கிறது என்று சொல்ல வேறு ஆளில்லை. இறக்கத்தில் போகும் வண்டியில் தகடு திறந்தே நின்றுவிட்டால், ஈசியூ கெட்டுவிட்டது, ஸ்பிரிங் ஏமாற்றிவிட்டது என்று பேச இடமில்லை. சடம் வினை ஈட்டுவதில்லை. வினையும் சடமே, செய்தவரிடம் அதைக் கொண்டு சேர்ப்பவன் இறைவன் என்று மெய்கண்டார் மரபு சொல்கிறது. அந்த வயரைச் சேர்த்த கை யாருடையதோ அவர் கணக்கில்தான் அது ஏறும்.