எதிரணியும் பகையணியும்

பிறருக்குத் தீங்கு நினையாமை அறநூல்கள் யாவும் ஒருமுகமாய் வற்புறுத்தும் முதற்பாடமாகும். தனக்கு நேர விரும்பாத ஒன்றைப் பிறருக்கும் விரும்பலாகாது என்பது அதன் சுருக்கம். இவ்வறத்தை மனமார ஏற்றுக்கொண்ட ஒருவன், தன் கழகம் இறுதிப் போட்டியில் ஆடுகின்ற மாலையில், மைதானத்தின் ஓரத்தே நின்று எதிரணியின் தோல்வியை முழுமனத்துடன் வேண்டுகின்றான். கிண்ணம் ஒன்று, கழகங்கள் இரண்டு. ஒரு சாராரின் களிப்பு மறு சாராரின் துயரின்றிப் பிறக்க வழியில்லை. அங்ஙனமாயின் விளையாட்டில் வெற்றியை வேண்டுதல் அறத்தொடு பொருந்துமா? பொருந்துமெனின் எவ்வெல்லை வரையிற் பொருந்தும்? இவ்வினாவையே ஈண்டு ஆராய முற்படுகின்றோம்.

இது வெறும் ஏட்டு வினாவன்று. திருகோணமலைத் துறைமுகத்தின் தெற்கே, கடலும் களப்பும் சூழ அமைந்த கிண்ணியா போன்ற ஊரிலே இவ்வினா உயிருள்ளதாகின்றது. 2009 ஆம் ஆண்டிற் பெரும்பாலம் திறக்கப்படும்வரை, திருகோணமலை நகருக்குச் செல்வோர் ‘பாதை’ எனப்படும் மிதவையேறியே நீரைக் கடந்தனர். இத்தகைய நெருங்கிய குடியிருப்பில் எதிரணி என்பது எங்கிருந்தோ வந்த அந்நியர் கூட்டமன்று. பந்தைக் கொண்டோடுபவனும் அவனைத் தடுப்பவனும் ஒரே பாடசாலையிற் கற்றவராயிருப்பர்; ஒரே வள்ளத்திற் கடலுக்குச் செல்பவராயிருப்பர்; பள்ளிவாசலில் ஒரே வரிசையில் தோளோடு தோள் நின்று தொழுபவராயிருப்பர். ஒருவன் மற்றவனுக்கு மச்சான் முறையினனாகவும் இருத்தல் கூடும். அவனது தோல்வியை வேண்டுதல் தன் வீட்டின் ஒரு பாதிக்குத் தோல்வியை வேண்டுதலே.

இந்நிலையை நம் பழம்புலவர் ஒருவர் நன்குணர்ந்திருந்தார். சோழன் நலங்கிள்ளி, அதே குடியிற் பிறந்த நெடுங்கிள்ளியை உறையூரில் முற்றுகையிட்டிருந்தபோது, கோவூர்கிழார் இருவரையும் நோக்கிப் பாடிய பாடல் புறநானூற்றில் உள்ளது. சேரனுக்குரிய பனம்பூவும் பாண்டியனுக்குரிய வேம்பும் இப்போரில் இல்லை; இருவர் கண்ணியும் ஒரே ஆத்தியே. யார் தோற்பினும் தோற்பது சோழர் குடியேயாகும். இருவரும் ஒருங்கே வெல்வதோ இயற்கையில் இல்லை. ஆதலின் போரைக் கைவிடுக என்பது அவர் தரும் அறிவுரை.

இவ்வறிவுரையை விளையாட்டுக்கும் ஏற்றிக் கூறலாமா? ஒரே ஊரின் இரு கழகங்களும் ஒரே கண்ணியைச் சூடியவையே. இருவரும் வெல்வது இங்கும் இயலாததே. ஆயினும் ஆட்டத்தைக் கைவிடுக என எவரும் கூறுவதில்லை. போரும் ஆட்டமும் ஒரே தோற்றமுடையனவாயினும் ஒரே இயல்புடையன அல்ல என்பதை நாம் உள்ளூர அறிந்திருப்பதே இதற்குக் காரணம்.

அவ்வியல்பு வேறுபாட்டை எளிதாகச் சோதித்தறியலாம். முற்றுகையிட்ட மன்னன், மாற்றான் கோட்டையைக் கைவிட்டு ஓடிவிட்டான் என்று கேட்டால் மகிழ்வான். அவன் வேண்டியது அதுவே. இறுதிப் போட்டியன்று எதிரணி மைதானத்துக்கு வாராமையால் கிண்ணம் வழங்கப்பெற்ற கழகமோ அதனைக் கூச்சத்துடனேயே ஏந்துகின்றது. ஆதரவாளரும் ஏமாந்தே வீடு திரும்புவர். உதைபந்தாட்டத்தின் விதியும் இவ்வுண்மைக்குச் சான்று பகரும். ஓர் அணியில் ஏழு பேருக்குக் குறைந்தால் ஆட்டம் நடைபெறலாகாது என்பது விதி. போரில் மாற்றானின் இன்மையே வெற்றி. ஆட்டத்தில் எதிராளி இல்லையேல் வெற்றியென்பதே இல்லை. ஆகவே எதிரணியின் இருப்பையும் வலிமையையும் விரும்பாத ஒருவன் தன் கழகத்தின் வெற்றியையும் உண்மையில் விரும்பியவனாகான்.

ஆயினும் தோல்வி துயர் தருவதன்றோ, அதனைப் பிறர்க்கு வேண்டுதல் தகுமோ எனும் ஐயம் எஞ்சி நிற்கும். இதற்கு விடை இசைவு என்னும் சொல்லில் உள்ளது. களத்தில் இறங்குபவன், தோற்பதற்கும் இசைந்தே இறங்குகின்றான். ஒரே அளவான மைதானம், ஒரே விதி, ஒரே மத்தியஸ்தர், தொண்ணூறு நிமிடம். இவற்றின் கீழ் எனக்கு நேரக்கூடுமென நானே ஏற்றுக்கொண்ட ஒன்றைத்தான் மற்றவனுக்கும் வேண்டுகின்றேன். தனக்கு வேண்டாததைப் பிறர்க்கு வேண்டாமை என்னும் அறம் இங்கே பிழைபடவில்லை. இசைவு உள்ளவரை தோல்வி என்பது இழப்பு மாத்திரமே. இசைவு அற்றவிடத்து அது அவமானமாகின்றது.

இசைவு அறும் இடம் யாது என்பதற்குக் கொல்கத்தா நகரின் வரலாறு பாடமாக அமைகின்றது. 1889 இல் தோன்றிய மோகன் பகான் கழகமும் 1920 இல் தோன்றிய ஈஸ்ட் பெங்கால் கழகமும் அந்நகரின் நெடுநாட் போட்டியாளர். முன்னையது மேற்கு வங்கத்தின் பழங்குடியினரதாகவும், பின்னையது கிழக்கிலிருந்து வந்தோரதாகவும், சிறப்பாக 1947 பிரிவினையால் வீடிழந்து வந்தோரதாகவும் கருதப்பட்டது. முன்னவருக்கு இறால், பின்னவருக்கு இலிஷ் மீன் என உணவுங்கூடக் கட்சி பிரிந்தது. இவ்வளவும் இனிய வேடிக்கையே. ஆயின் 1975 செப்டெம்பர் 30 ஆம் திகதி நடைபெற்ற ஐ.எப்.ஏ. கேடய இறுதிப் போட்டியில் ஈஸ்ட் பெங்கால் 5–0 என வென்றபோது, அத்தோல்வியைத் தாங்காது மோகன் பகானின் இளம் ஆதரவாளர் ஒருவர் தம்முயிரை மாய்த்துக்கொண்டார். 1980 ஆகஸ்ட் 16 ஆம் திகதி, ஈடன் தோட்ட மைதானத்தில் இவ்விரு கழகங்களும் ஆடிய லீக் போட்டியில் எழுந்த மோதல் பார்வையாளர் வரிசைகளிற் பரவி, 16 பேர் மாண்டனர்.

ஐந்து கோல்கள் ஒருவரைக் கொல்லா. கழகத்தின் பெயர் பிறப்பின் பெயராக மாறியதே கேட்டின் வேர். கழகத்தை ஒருவன் தேர்கின்றான், பிறப்பைத் தேர்வதில்லை. தேராத ஒன்றைப் பந்தயமாக வைக்க எவரும் இசைவதில்லை. தோற்றது கழகமாயின் அடுத்த ஆண்டு உண்டு. தோற்றது பிறப்பாயின் அடுத்த ஆண்டால் ஆறுவதன்று.

இவ்வாறு பிறப்பைப் பணயமாக்குதல் எத்துணைப் பொருளற்றது என்பதை அதே நகரின் அண்மைக்கால ஆட்டங்கள் காட்டின. 2023 ஆகஸ்ட் 12 ஆம் திகதி, டுராண்ட் கிண்ணத்தின் முதற்சுற்றில் ஈஸ்ட் பெங்கால் 1–0 என வென்றது. அக்கோலை அடித்தவர் நந்தகுமார் சேகர் என்னும் தமிழர். செப்டெம்பர் 3 ஆம் திகதி இறுதிப் போட்டியில் அதே அணிகள் மீண்டும் சந்தித்தன. ஒருவர் வெளியேற்றப்பட்டுப் பத்துப் பேருடன் ஆடிய மோகன் பகான், 71 ஆம் நிமிடத்தில் அவுஸ்திரேலியரான பெட்ராடோஸ் அடித்த கோலால் 1–0 என வென்று 17 ஆம் முறையாகக் கிண்ணத்தைக் கைக்கொண்டது. கிழக்கின் மானத்தைத் தமிழரும், மேற்கின் மானத்தை அவுஸ்திரேலியரும் காத்தனர் என்பது நகைப்புக்கு மாத்திரமன்றிச் சிந்தனைக்கும் உரியது. மறு ஆண்டு ஆகஸ்டில், அந்நகர மருத்துவமனையொன்றில் இளம் பெண் மருத்துவர் ஒருவர் வன்கொடுமைக்குள்ளாகிக் கொலையுண்டார். 18 ஆம் திகதி நடைபெறவிருந்த இரு கழகங்களின் ஆட்டம் நிறுத்தப்பட்டது. அன்று இரு கழகங்களின் ஆதரவாளரும் மைதானத்தின் வெளியே ஒன்றுகூடி நீதி கேட்டனர். எதிரணியைப் பகையணியாகக் கொள்ளாதோர்க்கே இது கைகூடும்.

நமது துறைமுக மாவட்டம் பகையணியின் பொருளைத் துன்பத்தின் வாயிலாகக் கற்றது. 2006 ஆம் ஆண்டு மூதூரிலிருந்து ஆயிரக்கணக்கானோர் உடுத்த உடையுடன் வெளியேறியமை இன்னும் மறக்கப்படவில்லை. பிறப்பினால் மாத்திரம் மனிதர் அணி பிரிக்கப்படும்போது மைதானமும் இல்லை, மத்தியஸ்தரும் இல்லை, இறுதி விசிலும் இல்லை. அத்தகைய மண்ணில் இரு கழகங்கள் ஒரு விதிக்குக் கட்டுப்பட்டு மோதுவதும், மோதி முடிந்தபின் கைகுலுக்குவதும் அற்பச் செயல்களாகா. மாறுபட்டு நின்றும் ஒருவரையொருவர் அழியாது காக்கும் கலையை அவை பழக்குகின்றன. தெருவின் பெயரையோ குலத்தின் பெயரையோ இனத்தின் பெயரையோ கழகத்தின் மேலேற்றிக் கூவுபவன் அக்கலையையே குலைக்கின்றான்.

ஆகவே வெற்றியை வேண்டுதல் அறத்தொடு பொருந்தும். அதற்கு எல்லையும் உண்டு. எதிரணி அடுத்த ஆண்டும் வரவேண்டும், வலிமையோடு வரவேண்டும் என்னும் விருப்பம் நெஞ்சில் உள்ளவரை, அதன் தோல்வியை வேண்டுதல் குற்றமாகாது. கோவூர்கிழார் தம் மன்னரிடம் காணாத ஒன்றை விளையாட்டு நமக்குத் தந்துள்ளது. ஒரே கண்ணியைச் சூடிய இருவர் பொருது, ஒருவர் தோற்று, குடி தோலாதிருக்கும் வழி அது. அவ்வழியைக் காப்பது ஆடுவோர் கடன் எனின், பார்ப்போர் கடன் அதனினும் பெரிது.