யாழைக் கீழே வைத்தவன்

ஆர்ஃபியஸ் கதையில் எல்லோரும் அந்தத் திரும்பிப் பார்த்த கணத்திலேயே நின்றுவிடுகிறோம். பாம்பு கடித்து இறந்த யூரிடிஸை மீட்கப் பாதாளத்துக்கு இறங்குகிறான். அவன் பாட்டில் ஹேடீஸே இளகுகிறான். மேலே போய்ச் சேரும்வரை திரும்பக் கூடாது என்பது நிபந்தனை. திரும்புகிறான், அவள் இரண்டாம் முறை சாகிறாள். நாம் அவனுக்காக உச்சுக் கொட்டுகிறோம்.

பிளேட்டோவின் ‘சிம்போசியம்’ நூலில் ஃபீட்ரஸ் உச்சுக் கொட்டுவதில்லை. தேவர்கள் ஆர்ஃபியஸுக்குக் காட்டியது மனைவியை அல்ல, வெறும் நிழலைத்தான் என்கிறான். கணவனுக்காக உயிரைக் கொடுத்த அல்செஸ்டிஸைப் போல அவன் சாகத் துணியவில்லை. உயிரோடு போய் உயிரோடு திரும்பப் பார்த்தான். குரூரமான வாசிப்புதான். ஆனால் ‘ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்: பிரதர்ஹுட்’ பார்த்தபிறகு எனக்கு இதுவே சரியாகப் படுகிறது.

ஹிரோமு அரகாவாவின் மங்காவிலிருந்து 2009-10இல் 64 அத்தியாயங்களாக வந்த அனிமே. எட்வர்ட், அல்ஃபோன்ஸ் என்று இரண்டு சிறுவர்கள், இறந்த அம்மாவை ரசவாதத்தால் திரும்பக் கொண்டுவர முயல்கிறார்கள். தண்ணீர் 35 லிட்டர், கார்பன் 20 கிலோ என்று ஒரு மனித உடலுக்கான சரக்கு மொத்தமும் தயார். (பொறியியல் படித்தவர்களுக்கு இந்த இடத்தில் வயிறு கலங்கும். ஸ்பெக்கில் ஒரு பிழையும் இல்லை.) எட்வர்டின் இடது கால் போகிறது, தம்பியின் உடலே போகிறது. தம்பியின் உயிரையாவது ஓர் இரும்புக் கவசத்தில் கட்டிவைக்க அண்ணன் வலது கையையும் கொடுக்கிறான். வட்டத்தின் நடுவே துடித்து அடங்கிய உருவம் அம்மாதான், அவளை இரண்டாம் முறை கொன்றுவிட்டோம் என்று வருடக்கணக்கில் நம்புகிறார்கள்.

பிறகு அப்பா ஹோஹென்ஹைம் கேட்கும் ஒரு கேள்வி உறுத்த, எட்வர்ட் அதைப் புதைத்த இடத்தைத் தோண்டுகிறான். வாந்தியெடுத்துக்கொண்டே தோண்டுகிறான். முடி அம்மாவின் நிறம் இல்லை. தொடையெலும்பின் நீளம் பொருந்தவில்லை. அது அம்மாவே இல்லை. அவனுக்குச் சிரிப்பு வருகிறது.

ஃபீட்ரஸ் சொன்ன அதே நிழல். ஆனால் இங்கே திரும்பிப் பார்த்ததால் யாரும் சாகவில்லை. இத்தனை நாள் பார்க்காமல் இருந்ததுதான் பிள்ளைகளை அரித்திருக்கிறது.

வர விருப்பமா என்று யூரிடிஸை யாராவது கேட்டார்களா? அந்த அம்மாவை?

அப்பா போய் நான்கு வருடம். என் போனில் அவருடைய வாய்ஸ் நோட்டுகள் கொஞ்சம் இருக்கின்றன, ‘ஈபி பில் கட்டிட்டியா’ ரகம். இதை வைத்து அவர் குரலிலேயே பேசும் பாட் ஒன்று செய்துவிடலாமே என்றான் நண்பன். செய்யலாம்தான், ஒரு சனி ஞாயிறு வேலை. நான் கேட்க விரும்பியதை எல்லாம் அந்தக் குரல் சொல்லும். அப்பா ஒருநாளும் அப்படிச் சொன்னவர் இல்லை.

ஆர்ஃபியஸ் கடைசிவரை யாழை விடவில்லை. ஓவிடின் கதையில், வெட்டுண்ட அவன் தலையோடு சேர்ந்து யாழும் ஆற்றில் மிதந்தபடி ஒலித்துக்கொண்டே போகிறது. எட்வர்ட் தம்பியின் உடலை மீட்கக் கொடுத்தது தன் ரசவாதத்தையே. இனி அது அவனுக்கு வராது. அம்மாவை அவன் கேட்கவும் இல்லை. ஊருக்குத் திரும்பியபின் கூரையில் ஏறி ரிப்பேர் வேலை பார்க்கிறான். முன்பு இரண்டு கையையும் ஒருமுறை தட்டியிருந்தால் முடிந்திருக்கும். இப்போது கையில் சுத்தியல்.